புகையில்லாத் தேர்

மனிதன் தனக்கென உடைமையாக்கிக்கொண்ட பொருள்களுள் ஊர்திக்குத் தனியிடம் உண்டு. வீடு நம்மை ஓரிடத்தில் இருத்துகிறது. அணிகலன் நம் உடலோடு நின்றுவிடுகிறது. ஊர்தியோ நம்மைப் பிறர் நடுவே கொண்டு செல்கிறது. நாம் அறியாத தெருக்களில், நாம் அறியாத மக்களின் காற்றையும் இடத்தையும் அமைதியையும் அது பங்கிட்டுக்கொள்கிறது. ஆகவே, ஊர்தி உடையவனின் அறம் அவன் வீட்டு வாயிலோடு முடிந்துவிடுவதில்லை. சாலை எத்துணைத் தொலைவு செல்கிறதோ அத்துணைத் தொலைவு அவனுடைய பொறுப்பும் உடன் செல்கிறது.

தமிழ் மரபு இதனை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே கேட்டறியும் தேர்க்கதைகள் இரண்டு. படர்வதற்குக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே விட்டுச்சென்ற பாரியின் கதை ஒன்று. மகன் ஊர்ந்த தேரின் காலில் அகப்பட்டு மாண்ட கன்றின் பொருட்டு, அம்மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதை மற்றொன்று. முன்னது ஊர்தியைக் கொடையாகக் காட்டுகிறது. பின்னது அதனைக் கடனாகக் காட்டுகிறது.

சோழன் கதையைச் சேக்கிழார் கூறுமிடத்தில் ஒரு நுட்பம் உண்டு. இளவரசன் கொடியவன் அல்லன். கன்றைக் கொல்ல அவன் எண்ணவில்லை. அதனைக் காணவும் இல்லை. எவரும் அறியாவண்ணம் அது தேர்க்காலின் இடையே புகுந்தது. காணாமல் நேர்ந்த தீங்குக்கும் ஊர்ந்தவன் பொறுப்பாவானா என்பதே அங்கு எழும் வினா. அவ்வினாவை மன்னன் செவியில் சேர்த்தது அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணி. தாய்ப்பசு தன் கொம்பால் அம்மணியை அசைத்திராவிடில், வழக்கும் இல்லை, நீதியும் இல்லை.

இன்று நம் தெருக்களில் ஒரு புதிய தேர் ஓடத் தொடங்கியிருக்கிறது. அதற்குப் புகையில்லை, பெரும் ஒலியும் இல்லை. மின்சாரத்தால் ஓடும் அக்காரை வாங்கியவர் பலரின் முகத்தில், ஒரு பொருளை வாங்கிய மகிழ்ச்சியோடு ஒரு நற்செயல் புரிந்துவிட்ட நிறைவும் தெரிகிறது. அந்த நிறைவு நியாயமானதா? தூய ஊர்தியை உடையவன் அதனாலேயே தூயவன் ஆகிவிடுகிறானா? இதுவே நாம் ஆராயவேண்டிய பொருள்.

முதற்கண் ஒன்று கூறிவிடுகிறேன். கார்களை வெறுக்கும் துறவியின் எழுத்தன்று இது. கார் என்றால் எனக்கு இளமை முதலே தீராத பற்று. மோரிஸ் மைனரின் தனித்த குரலை அது தெருமுனையில் திரும்புமுன்பே அடையாளம் கண்டு வளர்ந்த தலைமுறையினரோடு பழகியவன் நான். 1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்தபோதும், 1994இல் பெரோடுவா கஞ்சில் வெளிவந்தபோதும் இந்நாட்டு எளிய குடும்பங்கள் அடைந்த பெருமிதத்தை அறிந்தவன். பொறியின் ஒலியைக் கேட்டே அதன் நலத்தையும் நோயையும் அறிவது ஒரு கலை. ஏற்றத்தில் கியரை மாற்றும் கணத்தைக் காலும் கையும் தாமே உணர்ந்து செய்வது மற்றொரு கலை. இவற்றைப் பயின்றவனுக்கு மின்கார் முதலில் ஊமையோடு பேசுவது போன்ற உணர்வையே தரும்.

ஆயினும், காஜாங்கிலிருந்து செமினி வழியாகப் புரோகா நோக்கிச் செல்லும் சாலையில் ஒருமுறை அதனை ஓட்டிப் பார்ப்பவர் அதன் அருமையை மறுக்க இயலாது. காலை அழுத்திய அக்கணமே, தயக்கம் சிறிதுமின்றி, முழு வலிமையும் சக்கரத்தை அடைகிறது. காலைத் தளர்த்தினாலோ, வண்டி தானே வேகம் குறைந்து, அவ்வியக்கத்தை மீண்டும் மின்சாரமாக்கி மின்கலத்தில் சேர்த்துக்கொள்கிறது. கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது, பெட்ரோல் கார்களின் பிரேக் சூடேறி நாறும் அதே சரிவில், மின்காரின் மின்கலம் சற்றே நிறைகிறது. வீணாகும் ஆற்றலை மீட்டுக்கொள்ளும் இவ்வமைப்பு, சிக்கனத்தை அறமாகப் போற்றிய நம் முன்னோர்க்குப் பெரிதும் உவப்பாக இருந்திருக்கும்.

மின்கார் புதுமையென்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது பெட்ரோல் காரோடு பிறந்து அதனிடம் தோற்ற உடன்பிறப்பாகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார், 1899இல் பெல்சிய நாட்டு ஜெனாட்சி ஓட்டிய மின்காரே. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அமெரிக்கச் சாலைகளில் நீராவிக் கார், மின்கார், பெட்ரோல் கார் ஆகிய மூன்றும் போட்டியிட்டன. 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் மலிவான மாடல் டி வந்தது. கைப்பிடியைச் சுழற்றிப் பொறியைக் கிளப்பும் தொல்லையை 1912இல் மின்தொடக்கி நீக்கியது. எண்ணெயும் மலிவாகக் கிடைத்தது. மின்கார் ஒதுங்கிற்று. அது மீண்டுவர இலித்தியம் அயனி மின்கலம் தேவைப்பட்டது. அதனை ஆக்கிய குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மலேசியாவில் இதன் வரவு அண்மைக் காலத்தது. முழுமையாகச் செய்து இறக்குமதியாகும் மின்கார்களுக்கு 2022 தொடக்கம் முதல் 2025 இறுதிவரை இறக்குமதி வரியும் கலால் வரியும் விலக்கப்பட்டன. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்காரான இ.மாஸ் 7ஐ வெளியிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பெரோடுவாவும் தன் முதல் மின்காரைக் கொணர்ந்தது. பெரோடுவாவின் ஏற்பாட்டில் ஒரு விந்தை உண்டு. கார் வாங்கியவருக்குச் சொந்தம். அதன் உயிராகிய மின்கலமோ மாத வாடகைக்கு. உடலை விலைக்கும் உயிரை வாடகைக்கும் பெறும் இம்முறை, உடைமை என்பதன் பொருள் யாதென நம்மை மீண்டும் எண்ணவைக்கிறது.

இனி, இத்தேரின் தூய்மையை நடுநிலையோடு அளந்து பார்ப்போம். பெட்ரோல் பொறி தான் உண்ணும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே சக்கரத்தில் சேர்க்கிறது. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது. மின்மோட்டாரோ பெற்றதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சக்கரத்துக்கு அளிக்கிறது. நடுத்தர மின்கார் 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 15 அலகு மின்சாரம் வேண்டும். ஓர் அலகு 50 காசு என்று கொண்டால் செலவு ஏழரை வெள்ளி. அதே தொலைவுக்கு 7 லிட்டர் பெட்ரோல் உண்ணும் காருக்கு, லிட்டர் 2 வெள்ளி என்று கொண்டால், 14 வெள்ளி ஆகும். பணப்பைக்கு இது நன்மையே.

காற்றுக்கு? நம் தீபகற்பத்தின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியாலும் எரிவாயுவாலும் பிறக்கிறது. ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. எனவே, மின்கார் 100 கிலோமீட்டர் ஓட 11 கிலோவுக்குச் சற்று மேல் ஆகிறது. 7 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 16 கிலோ. மின்கார் வெல்கிறது; ஆனால் விளம்பரம் சொல்லுமளவு வெல்லவில்லை. மின்கலத்தைச் செய்யும்போதே சில டன் கரியமில வாயு வெளியாகிவிடுவதால், அதனை ஈடுசெய்யவே பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். நிலக்கரி நிலையங்களை 2044க்குள் மூடிவிட அரசு எண்ணியுள்ளது. கதிரொளியும் நீர்வலியும் பெருகப் பெருக, இவ்வேறுபாடும் மின்காருக்கு மேலும் சாதகமாகும். இது மறைக்கக் கூடாத உண்மை.

கிள்ளானை அடுத்த காப்பாரில் கடலோரமாக ஒரு பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது. இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையங்களுள் அதுவும் ஒன்று. காஜாங்கின் ஒரு தாமானில் இரவெல்லாம் மின்னேற்றம் பெறும் காரின் புகை, அந்த வீட்டுப் பிள்ளையின் நாசியை எட்டுவதில்லை. அது காப்பார்க் குழந்தையின் வானத்தில் உயர்ந்த புகைபோக்கி வழியே எழுகிறது. நகரத்து நெரிசலில் பல்லாயிரம் குழாய்கள் தரைமட்டத்தில் கக்கும் நஞ்சைக் காட்டிலும், ஓரிடத்தில் வடிகட்டி உயரத்தில் விடும் புகை தீமை குறைந்ததே. ஆயினும் புகை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது.

காப்பாராவது நம் கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. எட்டாத தொலைவுகளும் உள. உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்கக் காங்கோவில் தோண்டப்படுகிறது. அங்குச் சிறுவர்களும் சுரங்கக் குழிகளில் உழைப்பதை 2016இல் பன்னாட்டு மன்னிப்பு அவையின் அறிக்கை உலகுக்கு எடுத்துரைத்தது. நிக்கல் பெருமளவு இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலிருந்து வருகிறது. அங்குக் காடும் கடலும் அதற்கு விலை கொடுக்கின்றன. பெரும்பாலான மின்கார் மோட்டார்களின் காந்தத்துக்கு அருமண் தனிமங்கள் வேண்டும். அவற்றைப் பிரிக்கும் ஆலை ஒன்று நம் நாட்டிலேயே, குவாந்தானை அடுத்த கெபெங்கில் 2012 முதல் இயங்குகிறது. அதன் கழிவு எங்கே தங்கும் என்று அவ்வட்டார மக்கள் பல ஆண்டுகள் கேட்டுப் போராடினர். கோபால்ட்டும் நிக்கலும் இல்லாமல், இரும்பும் பாஸ்பேட்டும் கொண்டு செய்யும் மின்கலங்கள் இப்போது பெருகிவருகின்றன. புரோட்டோனின் மின்காரிலும் அவ்வகையே உள்ளது. இது நல்ல முன்னேற்றம். ஆனாலும் இலித்தியமும் செம்பும் எங்கோ ஒரு நிலத்தைத் தோண்டித்தான் வரவேண்டும்.

இங்கே, காஜாங்கில் வாழும் தமிழர்கள் சற்று நின்று எண்ணவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெட்ரோல் கார் உலகை ஆளத் தொடங்கிய காலத்தில், அதன் மறைவான விலையைக் கொடுத்தவர்கள் யார்? 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். மிதிவண்டிக்குப் பிறந்த அந்த டயர் காருக்கும் காலணியாயிற்று. டயருக்கு இரப்பர் வேண்டும். முதலில் அது அமேசான் காட்டிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வந்தது. பெல்சிய மன்னர் லியோபோல்டின் உடைமையாக இருந்த காங்கோவில் இரப்பருக்காக நிகழ்ந்த கொடுமைகள் உலக மனசாட்சியை உலுக்கின. 1908இல் அந்நாடு மன்னரின் கையிலிருந்து பறிக்கப்பட்டது. இன்று மின்கலத்துக்காகத் துன்புறும் அதே காங்கோ, அன்று டயருக்காகத் துன்புற்றது. ஒரே நிலம், இரண்டு தேர்களுக்கும் கன்றாயிற்று.

காட்டு இரப்பரின் இடத்தைப் பின்னர் மலாயாவின் தோட்ட இரப்பர் பற்றிக்கொண்டது. மலாயாவில் வணிக நோக்கத்தோடு இரப்பர் நடப்பட்ட முதல் இடங்களுள் ஒன்று நம் காஜாங்கே. 1890களில் கிண்டர்ஸ்லி உடன்பிறந்தார் இங்குள்ள இன்ச் கென்னத் தோட்டத்தில் அதனை நட்டனர். அதன்பின் நிகழ்ந்தவற்றை நம் குடும்பங்களின் நினைவே சொல்லும். கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர்கள், விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள், மலைக்காய்ச்சலில் மடிந்தவர்கள், மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டியரே. டெட்ராயிட்டிலும் இலண்டனிலும் புதுக்கார் வாங்கியவர், அதன் நான்கு சக்கரங்களுள்ளும் சுருண்டு கிடந்த அவ்வாழ்வைக் கண்டதில்லை. அவர் கொடியவர் அல்லர். சோழ இளவரசனைப் போல, கன்றைக் காணாதவர். அத்துணையே.

அன்று தேர்க்காலில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தேரில் அமர்ந்திருக்கிறோம். இந்த உயர்வு நாணத்தக்கதன்று, உழைத்துப் பெற்றது. ஆனால் அது நமக்கு ஒரு தனிக் கண்ணையும் தந்திருக்கவேண்டும். மற்றவர்க்கு அறிவால் விளங்கவேண்டிய உண்மை, நமக்குக் குருதியால் விளங்கவேண்டும். காங்கோவின் சுரங்கத்தில் கல் சுமக்கும் சிறுவனை நாம் அயலான் என்று ஒதுக்குவோமாயின், நம் பாட்டனை இலண்டன் ஒதுக்கியதைக் குறைகூறும் உரிமையை இழந்துவிடுவோம்.

இவ்விடத்தில் மூன்று மறுப்புகள் எழக்கூடும். பெட்ரோலும் தீமைதானே, அதனை விட்டுவிட்டு மின்காரை மட்டும் ஏன் கூண்டில் நிறுத்தவேண்டும் என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வியே. எண்ணெயின் பொருட்டு நிகழ்ந்த போர்களும், கடலில் சிந்திய எண்ணெயும், நகரத்துக் குழந்தைகளின் இளைப்பு நோயும் சிறியன அல்ல. இரண்டையும் நிறுத்தால் மின்காரின் தட்டே இலேசானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. பெட்ரோல் கார் தன் தீமையைத் தானே அறிவித்துக்கொண்டிருந்தது. அதன் புகை கண்ணைக் கரித்தது. ஒலி காதைத் துளைத்தது. எண்ணெய் நிலையத்தில் ஓடும் எண்கள் நெஞ்சை உறுத்தின. அதாவது, அத்தேரிலேயே ஓர் ஆராய்ச்சி மணி கட்டப்பட்டிருந்தது. மின்கார் தீமையின் பெரும்பகுதியைக் குறைத்தது. மணியையோ முழுவதும் கழற்றிவிட்டது. எஞ்சிய தீமை ஒலியின்றி நிகழ்கிறது. ஒலியற்ற தீமையை அறிய, உடையவனே தன் நெஞ்சில் ஒரு மணியைக் கட்டிக்கொள்ளவேண்டும்.

நான் யாரையும் சுரங்கத்துக்கு அனுப்பவில்லையே, வாங்கினேன். அவ்வளவுதானே என்பது இரண்டாம் மறுப்பு. இதற்கு விடையைத் திருவள்ளுவர் புலால் மறுத்தல் என்னும் அதிகாரத்தில் அளித்திருக்கிறார். கொல்பவனே குற்றவாளி, தின்பவன் அல்லன் என்னும் வாதத்தை அவர் ஏற்பதில்லை. உண்பதற்கென்று வாங்குவார் இல்லையாயின் விற்பதற்கென்று கொல்வாரும் இரார் என்பது அவர் காட்டும் நெறி. உணவுக்குச் சொன்ன இந்நெறி ஊர்திக்கும் பொருந்தும். வாங்குதல் என்பது ஒரு செயல். செயலுக்குப் பயனும் உண்டு, பொறுப்பும் உண்டு.

மின்கார் வாங்கியதே பழைய பாவத்துக்குக் கழுவாய் ஆகாதா என்பது மூன்றாம் மறுப்பு. இதனையும் சேக்கிழார் காட்டும் அவையிலேயே கேட்கிறோம். இறந்த கன்றுக்குச் சாத்திரம் கூறும் கழுவாய் செய்தால் போதும் என்றனர் அமைச்சர்கள். மன்னன் இணங்கவில்லை. அக்கழுவாய் கன்றை இழந்த பசுவின் துயர்க்கு மருந்தாகுமா என்று அவன் எண்ணினான். சடங்கு செய்தவனின் மனம் அமைதி பெறலாம். துன்புற்றவரின் துன்பம் தீரவேண்டாமா? விலையுயர்ந்த பொருளொன்றை வாங்கி நெஞ்சை ஆற்றிக்கொள்வது, அமைச்சர்கள் கூறிய கழுவாயைப் போன்றதே. புராணத்தில் இறைவன் தோன்றிக் கன்றை எழுப்பினான். நம் காலத்துச் சுரங்கங்களில் மாண்டவர் எழுவதில்லை.

அப்படியாயின், கார் வாங்கிய ஒவ்வொருவரும் குற்றவாளி என்கிறேனா? அல்லன். தமிழில் கடன் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்று, திருப்பித் தரவேண்டியதும் கடன். செய்தே ஆகவேண்டிய கடமையும் கடன். நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கியதில் ஆழ்ந்த உண்மை உண்டு. குற்றவாளி தண்டனை பெற்றால் கணக்கு முடிந்துவிடுகிறது. கடன்பட்டவனோ தொடர்ந்து நினைவோடு வாழவேண்டும். இந்நாட்டில் நம்மில் பலர் ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் வாங்குகிறோம்; மாதந்தோறும் வங்கிக் கடனைத் தவறாமல் செலுத்துகிறோம். அதே கார், நாம் முகம் அறியாத மனிதர்களிடமும் நம்மைக் கடன்பட்டவர்களாக ஆக்கியிருக்கிறது. அக்கடனுக்கு நினைவூட்டுக் கடிதம் வருவதில்லை. நேர்மையாளன் என்பவன் கடிதம் வராத கடனையும் நினைப்பவன்.

தொலைவில் இருப்போர்க்கு மட்டுமா கடன்? அண்டையில் இருப்போர்க்கும் உண்டு. வரிவிலக்கு நடைமுறையில் இருந்த அக்காலத்தில், உள்நாட்டுக் கார்த்தொழிலைக் காக்கும் பொருட்டு, இறக்குமதியாகும் மின்காரின் விலை ஓர் இலட்சம் வெள்ளிக்குக் குறையலாகாது என்னும் விதியும் இருந்தது. காரணம் எதுவாயினும், விளைவு தெளிவானது. ஓர் இலட்சம் செலவிட வல்லவருக்குச் சலுகை கிட்டியது. பழைய கஞ்சிலை ஒட்டுப்போட்டு ஓட்டுபவர்க்குக் கிட்டவில்லை. மின்னேற்றத்திலும் இவ்வேற்றுமை தொடர்கிறது. வீட்டு முன்றில் உடையவர் இரவில் மலிவாக மின்னேற்றம் செய்துகொள்கிறார். தோட்டம் துண்டாடப்பட்டபின் மலிவுவிலை அடுக்குமாடியில் குடியேறியவர்க்கு, ஐந்தாம் மாடியிலிருந்து கம்பி இறக்க வழியில்லை. பொது நிலையத்தில் கூடுதல் விலை கொடுக்கவேண்டும். தூய்மையும் செல்வர்க்கே உரிய பொருளாகிவிட்டால், எளியவர் மாசுபடுத்துவோர் என்னும் பழியையும் சேர்த்துச் சுமக்க நேரும். மின்கார் ஓட்டுபவர் கஞ்சில் ஓட்டுபவரை இகழ்ந்து நோக்கும் பார்வையைவிட மாசு மிகுந்த புகை வேறில்லை.

உண்மையில், காஜாங்கின் உழைக்கும் மக்கள் மின்னூர்தியை முப்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றனர். 1995இல் ஓடத் தொடங்கிய கொமுட்டர் தொடர்வண்டியும், 2017இல் காஜாங்வரை முழுமையாகத் திறக்கப்பட்ட எம்.ஆர்.டி. தடமும் மின்சாரத்தால் ஓடுவனவே. அவற்றுக்குத் தனி உடைமையாளர் இல்லை. ஏறியவர் அனைவருக்கும் அவை உரியன. ஒருவரைச் சுமக்க ஒன்றரை டன் இரும்பும் சில நூறு கிலோ மின்கலமும் அங்குத் தேவையில்லை. கார்ப் பற்றுடைய நானே சொல்கிறேன்: தலைநகர்க்கு நாள்தோறும் தனியே சென்றுவர மின்காரைக் காட்டிலும் மின்தொடர்வண்டியே அறத்துக்கு நெருங்கியது. கார், தொடர்வண்டி செல்லாத இடத்துக்கும், நோயுற்றவர்க்கும், குடும்பத்தோடு செல்லும் பயணத்துக்கும், அவ்வப்போது நம் மனமகிழ்ச்சிக்கும் இருக்கட்டும்.

ஆகவே, மின்கார் வாங்க எண்ணுவோர் செய்யக்கூடியன சில உண்டு. ஓடும் பழைய காரை வீணே எறிந்துவிட்டுப் புதியதற்கு விரையாதிருத்தல் ஒன்று. தேவைக்கு மிஞ்சிய பெரிய மின்கலத்தை நாடாதிருத்தல் மற்றொன்று. ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்குப் பினாங்கு செல்லும் பயணத்துக்காக, ஆண்டு முழுவதும் பாரத்தைச் சுமந்து திரியவேண்டியதில்லை. வழியில் அரைமணி நேரம் காத்திருக்கும் பொறுமை, கூடுதல் மின்கலத்தைவிட மலிவானது. பாரம் மிகுந்தால் டயரும் விரைவில் தேய்கிறது. அதில் இன்றும் எங்கோ ஒருவர் வெட்டிய பால் இருக்கிறது. வாங்கிய காரை நெடுங்காலம் பேணுதல், மின்கலம் எங்கிருந்து வந்தது, முடிவில் எங்கே போகும் என்று விற்பவரிடம் கேட்டல், அடுக்குமாடி மக்களுக்கும் மின்னேற்ற வசதி வேண்டும் என்று குரல் கொடுத்தல் ஆகியனவும் கடன் தீர்க்கும் வழிகளே. ஒருவர் கேட்டால் விற்பவர் சிரிப்பார். நூறுபேர் கேட்டால் விடை தேடுவார்.

பாரியின் கதையும் இங்கே உதவும். அவன் தேர் முல்லைக்கு உண்மையில் தேவையா, ஒரு கழியை நட்டால் போதாதா என்று கேட்பது அறிவின் வினா. தன் ஊர்தியைவிடப் பிறிதோர் உயிரின் தவிப்பு பெரிது என்று கண்டதே அவன் பெருமை. நாம் காரையே துறக்கவேண்டியதில்லை. அண்டை வீட்டு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் இருக்கை, மழையில் பேருந்துக்கு நிற்கும் மாணவிக்கும் அவள் தாய்க்கும் திறக்கும் கதவு ஆகியன நம் காலத்துப் பாரியின் சிறு கொடைகள் ஆகலாம்.

இறுதியாக ஒரு செய்தி. மின்கார் ஒலியின்றி வருவதால், நடந்து செல்வோரும் பார்வையற்றோரும் அதனை உணராமல் விபத்துக்குள்ளாவர் என்று அஞ்சப்பட்டது. அதனால் மெதுவாகச் செல்லும்போது அது செயற்கையாக ஓர் ஒலி எழுப்பவேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 2019 முதல் புதிய வகை மின்கார்களுக்குச் சட்டம் வகுத்தன. ஊமைத் தேருக்கு மனிதன் மணி கட்டிவிட்டான். அருகில் நடப்பவரை அந்த மணி காக்கும்; காப்பாரிலும் கெபெங்கிலும் காங்கோவிலும் இருப்பவர்க்கு அது கேட்பதில்லை, அவர்கள் குரலும் அதன்வழி நம்மை எட்டுவதில்லை.

அக்குரலை எட்டச்செய்வது ஆசிரியர்தம் பணி. மனுநீதிச் சோழன் கதையை வகுப்பில் நடத்தும்போது, மன்னனின் நீதியைப் போற்றுவதோடு நிறுத்திவிடாமல், இன்றைய தேர் எது, இன்றைய கன்று எது என்று மாணவரைக் கேட்கச் செய்வோம். ஒரு சிறுமி எழுந்து, என் தாத்தாவே ஒருகாலத்தில் அக்கன்றாக இருந்தார் என்று சொல்வாளாயின், அவளுக்கு அறம் விளங்கிவிட்டது. அவள் வளர்ந்து எந்தக் காரை வாங்கினும், அதனைக் கடனறிந்தே ஓட்டுவாள்.